ஞாயிற்றுக்கிழமை வெல்டு

உத்திரமேரூரில் வெல்டர் ஐசக் பற்றவைத்த கேட்டு கழன்று விழுந்தது என்று யாராவது சொன்னால், அந்த ஆள் ஊருக்குப் புதிது என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்குப் போகிற ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக அவன் பட்டறை இருக்கிறது. ரைஸ் மில் கூரையிலிருந்து டிராக்டர் டிரெய்லர் கொக்கி வரைக்கும் அவன் கை படாத இரும்பு அந்தச் சுற்றுவட்டத்தில் குறைவு. வெல்டு வைத்தால் செத்தாலும் விடக்கூடாது என்பான். பைபிளுக்கு அடுத்தபடியாக அதைத்தான் நம்பினான். ஸ்குருவை அவன் நம்பியதே இல்லை. ஒருத்தன் திருகியதை இன்னொருத்தன் திருப்பித் திருகலாம், அதெல்லாம் ஒரு பிடிப்பா என்று கேட்பான்.

அவன் பெண்டாட்டி திலகாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். கையில் நரம்பை இணைத்து வைத்த இடம் அடைத்துக்கொண்டது. மறுகையில் இணைத்தார்கள், அதுவும் அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டார்கள், சீழ் வைத்தது. கடைசியில் டாக்டர், இனி ஒரே வழிதான் பாக்கி என்றார். வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே ஒரு நாளைக்கு நாலு தடவை மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், ஊசி வேண்டாம். பிள்ளையில்லாத வீடு அது. அவளுக்கு அவன், அவனுக்கு அவள். அன்றைக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரி கேண்டீனில் ஒரு டீயை வாங்கிப் பாதிப் பாதி குடித்தார்கள். அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் என்றால் கூடவே ஒரு நிபந்தனை வரும், இல்லாவிட்டால் அது நம்மவர்கள் வீட்டுச் சந்தோஷமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சித்ரா என்ற நர்ஸ் வீட்டைப் பார்க்க வந்தாள். ஏரிக்கரைக் காலனியில் கடைசி வீடு. மண்சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். சித்ரா உள்ளே வந்தபோது அடைக்கோழி ஒன்று கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து போனது. அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, இந்த வீட்டுல செய்யவே முடியாது. தனியா ஒரு ரூம் வேணும். தூசி கூடாது, ஓதம் கூடாது, பூச்சி பொட்டு கூடாது. ஜன்னல் இடுக்கில்லாம மூடணும். வயித்துக்குள்ள கிருமி போச்சுன்னா அந்தக் குழாயை எடுத்துருவாங்க. எடுத்துட்டா அக்காவுக்கு வேற வழி கிடையாது. ஒரு மாசத்துல ரூமைக் காட்டுங்க."

ஒரு மாசம். கொத்தனாரைக் கூப்பிட்டான். அவர் கடப்பாறையால் இரண்டு குத்துக் குத்தினார். மூன்றடியில் தண்ணீர் ஊறியது. ஏரி ஓரத்துக் களிமண், அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டும், இப்போது கட்டினால் பூச்சு காயப் பொங்கல் ஆகிவிடும், அப்புறமும் ஓதம் ஏறாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் டேனியல் வந்தான். திலகாவின் தம்பி. ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை. கம்பெனி வளாகத்துக்குள் செக்யூரிட்டி ஆபீஸ், கேண்டீன் எல்லாம் மெல்லிய இரும்புச் சட்டத்தில் பத்தே நாளில் எழுந்ததைப் பார்த்தவன். தகட்டைச் சூடுகாட்டாமல் மெஷினிலேயே மடித்து, அளவுக்கு வெட்டி, ஓட்டை போட்டு, நம்பர் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கொண்டுவந்து ஸ்குரு போட்டு நிறுத்தி, இரண்டு பக்கமும் போர்டு அடித்தால் சுவர். செங்கல் இல்லை, ஈரம் இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். டேனியல் தன் பி.எஃப். பணத்தில் கை வைத்தான், அத்தோடு விட்டுவிடுவோம்.

ஒரு வியாழக்கிழமை மூன்று பேருமாக அந்தச் சட்டங்கள் விற்கிற கிடங்குக்குப் போனார்கள். திலகா கழுத்தில் கட்டோடு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். கிடங்கில் இருந்தவன் மணி, திருப்புட்குழிக்காரன், முப்பது வயசு இருக்கும். இரண்டு வகையைக் காட்டினான். ஒன்று கறுப்புச் சேனல். கனமானது, முலாம் பூசாதது, வாங்கிப்போய் அவரவர் வெல்டு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று வெள்ளையாக, துத்தநாகம் பூசியது, தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஐசக் அதில் ஒரு நீளத்தைக் கையில் எடுத்து முறுக்கினான். அது முறுகியது.

"இன்னாடா டேனியல், டால்டா டப்பா மாரி கீது. இத்த நம்பி உங்கக்காவ உள்ள படுக்க வெக்கச் சொல்றியா?"

"தனியா எடுத்தா அப்டித்தாங்ணா முறுகும்," என்றான் மணி. "ஒண்ணோட ஒண்ணு சேத்து, போர்டு அடிச்சிட்டா யானை முட்டினாலும் நிக்கும். காத்துக்கு லேசா அசையும். அசையணும். அதுக்குத்தான் ஸ்குரு."

"அந்தக் கறுப்ப குடு. நானே ஒட்டிக்கிறேன். தன் கையே தனக்குதவி."

"ஒட்டிக்கலாம்ணா. ஆனா கறுப்புக்கு நீங்க அடிக்கிற பெயிண்ட்தான் சட்ட. போர்டுக்கு உள்ள மாட்டிக்கினா அப்பால சட்ட கிஞ்சிதா இல்லியான்னு யாருக்குத் தெரியும்? ஏரிக்கரைன்றீங்க."

டேனியல் மாமனோடு வாதாடிப் பார்த்தான், நடக்கவில்லை. இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் இருந்த அக்காவின் மடியில் வைத்தான். படுக்கப்போகிறவள் சொல்லட்டுமே என்றான். திலகா கறுப்பைத் தடவினாள். உள்ளங்கையில் எண்ணெய்க் கறை ஏறியது. வெள்ளையைத் தடவினாள். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

"எனக்கு பெலமா வேணாய்யா," என்றாள் புருஷனைப் பார்த்து. "சுத்தமா இருந்தா போதும்."

அதோடு தீர்ந்தது. வெள்ளைச் சட்டம்தான். வீட்டுக்குப் பின்பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு அறை. கிளம்பும்போது மணி ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னான். "அண்ணா, நீங்க வெல்டருன்றதால சொல்றேன். இதுல நெருப்பு கூடாது. வெல்டு வச்சா முலாம் எரிஞ்சிடும், அந்த எடம் உள்ளுக்குள்ளயே துருப் புடிக்கும். வெளிப்போர்டுக்குப் பின்னாடி மயத்தண்ணி வராம ஒரு துணி ஒட்டுவோம், பொறி பட்டா அதுவும் போச்சி." ஐசக் கேட்டுக்கொண்டான், மண்டையையும் ஆட்டினான். வெல்டரின் மண்டை ஆட்டலை நம்பி யாரும் வீடு கட்டக் கூடாது.

ஆடி மாசம் இரண்டாவது வாரம் வேலை ஆரம்பித்தது. தரையில் கான்கிரீட் போட்டு, போல்ட் வைத்து, நாலே நாளில் சட்டம் எழுந்துவிட்டது. மணியின் ஆட்கள் ஸ்குரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு விர்விர் என்று திருகிக்கொண்டே போனார்கள். காலனியே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுத் துரை பல்குச்சியை மென்றுகொண்டே வந்து நின்று, "இன்னா ஐசக்கு, ஊருக்கெல்லாம் வெல்டு, உன் வூட்டுக்கு ஸ்குருவா? கொலு பொம்மைக்கு ஸ்டாண்டு கட்டுற மாரி கீதே," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஐசக்கும் சிரித்தான். சிரித்தானே தவிர, சுருக்கென்று தைத்தது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஏரிப்பக்கமிருந்து அடித்த காற்றில் சட்டம் கிறீச் கிறீச்சென்று முனகியது. ஐசக் ஒரு கையால் மூலைச் சேனலைப் பிடித்துப் பார்த்தான். லேசாக அசைந்தது. அசையும் என்று மணி சொல்லித்தான் இருந்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் அசையாமல் பற்றவைத்த கைக்கு அந்த அசைவு பிடிக்கவில்லை. திலகா அதே நாள் வயிற்றில் குழாய் வைக்க ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள், டேனியல் கூட இருந்தான். இந்தத் தகர டப்பா புயலில் பெயர்ந்து அவள்மேல் விழுவது போலவே ஐசக் கண்ணுக்குத் தெரிந்தது. அவனுக்குப் பயம். பயத்தை வெளியில் சொல்லத் தெரியாத ஆம்பிளைக்குக் கை அரிக்கும்.

ஐசக் ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் ஹோல்டரைத் தொடமாட்டான். கல்யாணமான வருஷம் கோயிலில் ஒப்புக்கொடுத்தது. அறுவடை நேரத்தில் டிராக்டர்காரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாலும் திங்கட்கிழமை வா என்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனான். பாஸ்டர் பிரசங்கத்தை முடிப்பதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டான். மணியின் ஆட்களுக்கு லீவு. பட்டறையிலிருந்து மெஷினை உருட்டிக்கொண்டு வந்தான். ஆண்டவருக்குத் தெரியும், பொண்டாட்டிக்காகத்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். எப்படியும் அவருக்குத்தான் சொன்னான், மணிக்குச் சொல்லவில்லை.

யோசித்துத்தான் செய்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தெற்கும் மேற்கும் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தன. அங்கே கை வைத்தால் மணிக்குத் தெரிந்துவிடும். வடக்குக்கும் கிழக்குக்கும் சனிக்கிழமையே வெளிப்பக்கம் துணியும் போர்டும் அடித்து முடித்திருந்தார்கள். உள்பக்கத்தை மூடிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆகவே அந்த இரண்டு சுவர். மெல்லிய கம்பி, குறைந்த கரண்ட், பொட்டுப் பொட்டாக ஒவ்வொரு ஸ்குரு பக்கத்திலும் ஒரு டாக் வெல்டு. வேறு யாராவது வைத்திருந்தால் தகடு ஓட்டையாகியிருக்கும், அவன் கை அப்படி. தொண்ணூற்றாறு பொட்டு வைத்தான். வெள்ளைப் புகை எழுந்து தொண்டையில் இனித்தது. பொறி பட்டுப் பின்னால் இருந்த துணியில் மிளகு அளவுக்கு ஓட்டைகள் விழுவதையும் பார்த்தான். வெளியேதான் போர்டு இருக்கிறதே, துணிதானே என்று நினைத்தான். கருகின இடத்தில் எல்லாம் வெள்ளிப் பெயிண்டைத் தொட்டு வைத்தான். சூடு இறங்காமல் இருக்கச் சுவருக்குள் வைக்கிற பஞ்சை அடைத்தான், அவனே உள்போர்டையும் மாட்டினான். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டு, மூலையைப் பிடித்து உலுக்கினான். அசையவில்லை. அன்றைக்குத்தான் ஒரு வாரத்துக்கு அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை வந்த மணி சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"ஏங்ணா, அவ்ளோ அவசரமா? நாங்க வந்து மாட்ட மாட்டமா?"

"சும்மா உக்காந்துக்கினு இருக்க முடில."

"வெல்டு கில்டு எதுனா வச்சீங்களா?"

"சேச்சே," என்றான் ஐசக்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஆண்டிக்காவது ஊதின சத்தம் வெளியில் கேட்டிருக்கும்.

சித்ரா வந்து பார்த்தாள். வெள்ளைச் சுவர், மூடினால் இடுக்கில்லாத ஜன்னல், டைல்ஸ் தரை, கை கழுவத் தனிக் குழாய். "ஏ ஒன்னுங்ணா," என்றாள். ஐசக் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

அதற்கப்புறம் மூன்று மாசம் அந்த வீட்டில் நல்ல காலம் இருந்தது. நான் மறைக்கவில்லை, இருந்தது. வடக்குச் சுவரை ஒட்டிக் கட்டில், தலைமாட்டில் மேஜை, மேஜைக்கு மேலே பையை மாட்டக் கொக்கி. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு, படுக்கப் போகும்போது ஒன்று. ஒவ்வொரு தடவையும் திலகா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, விரல் இடுக்கில், நகக்கண்ணில் என்று இரண்டு நிமிஷம் கழுவுவாள். மூக்கில் துணி கட்டிக்கொள்வாள், ஃபேனை நிறுத்துவாள். சித்ரா சொல்லிக்கொடுத்ததில் ஒரு எழுத்து மாறாது. அவள் முகத்தில் வீக்கம் வடிந்தது. கருவாட்டுக் குழம்பு வைத்துப் புருஷனுக்குப் போட்டாள். ஆலயத்துக்கு நடந்தே போய் வந்தாள். ஒருநாள் ஐசக் பட்டறையிலிருந்து வரும்போது அவள் வாசலில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சைக்கிளைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றான். உள்ளே வந்தால் அது கலைந்துவிடும் போல இருந்தது.

ஐப்பசி பிறந்தது. முதல் இரண்டு மழை சும்மா வந்து போனது. மூன்றாவது, வாடைக்காற்றோடு சேர்ந்து மூன்று நாள் விடாமல் வடகிழக்கிலிருந்து அடித்தது. ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தது. நாலாவது நாள் திலகா மூக்கைச் சுளித்தாள்.

"ஏய்யா, ஈரக் கோணி மாரி ஒரு நாத்தம் வருது பாரு."

"ஏரி ரொம்பிடுச்சி இல்ல. ஏரி நாத்தம்," என்றான்.

மறுநாள் காலையில் கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் போர்டில் கடுகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தான். விரலால் அமுக்கினான். போர்டு மெத்தென்று உள்வாங்கியது. அவனுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. இதைச் சொன்னால் சுவரைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் மணி வருவான், டேனியலுக்குத் தெரியும், சித்ரா அறையை மூடு என்பாள். மழை நிற்கட்டும், வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று ஒரு காய்ந்த துணியை எடுத்துப் புள்ளிகளைத் துடைத்தான். அடுத்த நாள் மறுபடி வந்தன. மறுபடி துடைத்தான். ஒன்பது நாள், அவள் பல் விளக்கப் பின்பக்கம் போகிற நேரம் பார்த்து, தினமும் துடைத்தான். துடைத்த தூசு எங்கே போயிருக்கும் என்று அவன் யோசிக்கவில்லை. பத்து அடி அறை. அது வேறெங்கே போகும்?

பத்தாவது நாள் காலையில் இறக்கிய பை கலங்கலாக இருந்தது. தெளிவாக, இளநீர் போல வர வேண்டிய தண்ணீர் கஞ்சித் தண்ணீராக வந்தது. மத்தியானத்துக்குள் திலகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தண்ணீரைப் பரிசோதித்தார்கள். பாக்டீரியாவாக இருந்தால் மருந்து போட்டுப் பார்க்கலாம், இது பூஞ்சை என்றார்கள். வயிற்றுக்குள் பூஞ்சை ஏறினால் குழாயை எடுத்தே ஆக வேண்டும், மறுபடி வைக்க முடியாது என்றார்கள். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

சித்ரா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். திட்டவில்லை, கேட்கத்தான் கேட்டாள். "அக்கா, யோசிச்சுப் பாருங்க. கை கழுவுறதுல எப்பவாச்சும் விட்டீங்களா?"

திலகா கண்ணை மூடி யோசித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"ஒரு நாளு சாயங்காலம் கரண்டு போச்சி சிஸ்டர். குழாயில தண்ணி வரல. சொம்புத் தண்ணில கயுவிக்கினேன். ரெண்டு நிமிசம் இருந்துக்காது. ஒரு நிமிசம்கூட இருந்துக்காது. நான்தான் பண்ணிட்டேன்."

சித்ரா அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். கட்டிலின் மறுபக்கம் ஐசக் நின்றுகொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். வடக்குச் சுவரின் உள்போர்டை ஸ்குரு ஸ்குருவாகக் கழற்றினான். ஒவ்வொன்றும் சமர்த்தாகக் கழன்று வந்தது. போர்டு நனைந்த அட்டை போல மடிந்து விழுந்தது. உள்ளே பஞ்சு கறுத்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிடுங்கிப் போட்டான். துணியில் விழுந்த மிளகு ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஈரம் வழிந்த தாரை தெரிந்தது. சட்டத்தில், அவன் பொட்டு வைத்த இடத்திலெல்லாம் வெள்ளிப் பெயிண்டு உரிந்து, செந்துரு கசிந்து கீழே ஒழுகியிருந்தது. நெருப்பு படாத இடங்கள் கிடங்கில் பார்த்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. கண் கெட்ட பிறகு என்ன சூரிய நமஸ்காரம் என்று சும்மா இருக்கவும் அவனால் முடியவில்லை. தெற்குச் சுவரிலும் ஒரு போர்டைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே பஞ்சு உலர்ந்து, வெள்ளையாக, தொட்டால் கதகதப்பாக இருந்தது. அதைத் தொட்டபோதுதான் ஐசக் அழுதான். வாய்விட்டு, துரை வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதான். துரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பெண்டாட்டிக்காக அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

திலகா ஆஸ்பத்திரியில் இன்னும் பத்து நாள் இருந்தாள். பார்க்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் அவள் அந்த ஒரு நிமிஷத்தைச் சொன்னாள். டேனியல் வந்தபோது கட்டிலிலிருந்து இறங்கி அவன் காலைப் பிடிக்கப் பார்த்தாள். "உன் பணத்தையெல்லாம் கொட்டி ரூம் கட்டிக் குடுத்தியேடா, ஒயுங்கா கை கயுவத் துப்பில்லாத பொம்பள நானு," என்றாள். அவன் பதறிப்போய்த் தூக்கிவிட்டான். பாஸ்டர் ஜெபம் செய்ய வந்தபோது, ஆண்டவர் கொடுத்த வழியைத் தானே அடைத்துக்கொண்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கை கழுவுகிற குழாயைத் திறந்துவிட்டுத் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே நிற்பாள், தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஐசக் பக்கத்தில் இருந்தான். இப்போது சொல்லிவிடலாம், இதோ இப்போது என்று பத்து நாளும் நினைத்தான். கோழை. நல்ல வெல்டர், நல்ல புருஷன், ஆனால் கோழை.

தொடையில் ஒரு குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது, வாரத்துக்கு இரண்டு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், இருக்கிற வரைக்கும் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், அதற்கு மேல் போனால் நுரையீரலில் நிற்கும், மூச்சு அடைத்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஐசக் அவளை மண்சுவர் வீட்டில் படுக்கவைத்தான். அவள் கண் பின்பக்கமே போனது.

"அந்த ரூம்ல படுக்கறன்யா. அங்க வெளிச்சமா இருக்கும்."

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வுடேன்."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நான் அசுத்தம் பண்ணிட்டேன்னுதான இட்டுனு போவ மாட்டேன்ற?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்து, பின்பக்கம் நடத்திக்கொண்டு போனான். கதவைத் திறந்தான். பிரித்துப் போட்ட சுவர் அப்படியே நின்றது. கறுத்த பஞ்சு மூலையில் குவிந்து கிடந்தது. அவன் ஆடி மாசக் காற்றிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னான், மணியிடம் சொன்ன பொய்யைச் சொன்னான், ஒன்பது நாள் துடைத்ததைச் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் ரசீது படிக்கிறவன் குரல் மாதிரி இருந்தது. அழுதால் அவள் ஆறுதல் சொல்லிவிடுவாளோ என்று பயந்தான்.

திலகா கையை நீட்டி ஒரு வெல்டுப் பொட்டைத் தொட்டாள். விரலில் செந்துரு ஒட்டியது. அதைப் பார்த்தாள்.

"இத்த எப்போ பாத்த?"

"உன்ன சேத்த ரெண்டா நாளு."

அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"பத்து நாளு," என்றாள். "டேனியலு கால்ல வுயுந்தேன்யா. பாஸ்டர் கையப் புட்ச்சினு அயுதேன். நீ பக்கத்துல நின்னுக்கினு இருந்த."

"இருந்தேன்."

"வெல்டு வெச்சத கூட வுட்றலாம்," என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் திட்டுவாள், மாரில் குத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான். அதற்குக்கூட அவன் தயாராகத்தான் இருந்தான், ஏங்கினான் என்றே சொல்லலாம். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, சட்டத்தைப் பிடித்துப் பிடித்து, தானாகவே நடந்து மண்வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தாகமா கீது. தண்ணி குடு."

அவன் அளவு டம்ளரை எடுத்தான். ஆஸ்பத்திரியில் கோடு போட்டுக் கொடுத்தது.

"அத்துல வேணாம். சொம்புல குடு."

"திலகா."

அவள் கையை நீட்டியபடியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் வேண்டாம் என்று சொன்னதை அவள் மறுத்ததில்லை. இப்போது வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. பானையிலிருந்து சொம்பு நிறைய மொண்டு கொண்டுவந்து கொடுத்தான். அவள் அண்ணாந்து, நடுவில் நிறுத்தாமல், தொண்டை ஏறி இறங்கக் குடித்தாள். குடித்து முடித்துச் சொம்பை அவனிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு," என்றாள்.

ஐசக் மொண்டு கொடுத்தான்.